பந்தின் துள்ளல் உயரம்

பந்தின் துள்ளல் உயரம் என்பது, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருந்து விடப்படும் பந்து கீழேயுள்ள பரப்பில் மோதிய பின்னர் மீண்டும் எழும்பும் மிகக் கூடிய உயரம் ஆகும். கூடிய உயரத்தில் இருந்து விழும் பந்து கூடிய உயரத்துக்குத் துள்ளும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும், விழும் உயரத்தை இருமடங்காக்கினால் துள்ளும் உயரமும் இருமடங்காகுமா என்ற வினாவுக்கு விடை அவ்வளவு எளிதன்று. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் போன்ற சிறிய உயரங்களில் ஏறத்தாழ அவ்வாறே நிகழ்கிறது. உயரம் மேலும் கூடும்போது துள்ளல் பின்தங்கிவிடுகிறது. இதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று காற்றின் தடை. மற்றது, மோதும் வேகம் கூடக்கூட மோதலில் இழக்கப்படும் ஆற்றலின் பங்கும் கூடுவது.

பள்ளி ஆய்வுகூடங்களில் செய்யப்படும் மிக எளிய சோதனைகளுள் இதுவும் ஒன்று. எனினும் இதே சோதனையே டென்னிஸ், காற்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றின் பந்துகளை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கவும், உலோகங்களின் கடினத்தன்மையை அறியவும் பயன்படுகிறது.

அடிப்படைக் கோட்பாடு

உயரத்தில் பிடித்து வைக்கப்பட்டுள்ள பந்து நிலையாற்றலைக் கொண்டிருக்கும். அதன் அளவு பந்தின் திணிவு, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கம் ஆகும். பந்தை விட்டதும் இவ்வாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. காற்றின் தடையைப் புறக்கணித்தால், பரப்பை அடையும்போது பந்தின் வேகம் பின்வருமாறு அமையும்:

வேகம் = √(2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்)

வேகம் உயரத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை என்பதை இங்கு கவனிக்க வேண்டும். அது உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாகவே கூடுகிறது. ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழும் பந்து நொடிக்கு 4.43 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். இரண்டு மீட்டரில் இருந்து விழுந்தால் வேகம் 6.26 மீட்டர். வேகத்தை இருமடங்காக்கி 8.86 மீட்டர் ஆக்க வேண்டுமானால் நான்கு மீட்டர் உயரம் தேவை. விழுவதற்கு எடுக்கும் நேரமும் இவ்வாறே வர்க்கமூலத்தின்படி கூடுகிறது. ஒரு மீட்டருக்கு 0.45 நொடியும் நான்கு மீட்டருக்கு 0.90 நொடியும் ஆகும். பந்தின் திணிவு இச்சமன்பாட்டில் இடம்பெறவில்லை. ஆகவே காற்று இல்லாத இடத்தில் கனமான பந்தும் இலேசான பந்தும் ஒரே வேகத்திலேயே தரையை அடையும்.

மீளமைவுக் குணகம்

தரையில் மோதிய பந்து, மோதிய வேகத்திலேயே திரும்புவதில்லை. திரும்பும் வேகத்துக்கும் மோதிய வேகத்துக்கும் உள்ள விகிதம் மீளமைவுக் குணகம் எனப்படும். இது மீட்சிக் குணகம் எனவும் அழைக்கப்படுகிறது. இதன் மதிப்பு 0 முதல் 1 வரை இருக்கும். ஈரக் களிமண் உருண்டை தரையில் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டால் குணகம் 0. விழுந்த உயரத்துக்கே ஒரு பந்து மீண்டும் எழும்புமானால் குணகம் 1 ஆகும். அத்தகைய பந்து எங்கும் இல்லை.

உயரம் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால்,

துள்ளும் உயரம் = (மீளமைவுக் குணகம்)² × விழுந்த உயரம்

என்று கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, குணகம் 0.8 எனக் கொண்டால் 100 செ.மீ. உயரத்தில் இருந்து விழும் பந்து 64 செ.மீ. உயரத்துக்கு எழும்பும். 200 செ.மீ. இல் இருந்து விழுந்தால் 128 செ.மீ. எழும்பும். குணகம் மாறாமல் இருக்கும்வரை துள்ளும் உயரம் விழும் உயரத்துக்கு நேர்விகிதமாகவே இருக்கும். இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் ஆதிப்புள்ளியின் ஊடாகச் செல்லும் நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் சாய்வின் வர்க்கமூலமே குணகம் ஆகும்.

மாணவர்கள் பலர் செய்யும் பிழை ஒன்றை இங்கே குறிப்பிடலாம். குணகம் 0.8 என்றால் பந்து 80 விழுக்காடு உயரத்துக்கு எழும்பும் என்று அவர்கள் எண்ணுவர். குணகம் என்பது வேகங்களின் விகிதமே அன்றி உயரங்களின் விகிதம் அன்று. உயரம் 64 விழுக்காடுதான். ஆற்றலில் எஞ்சுவதும் அதே 64 விழுக்காடே.

குணகத்தைப் பந்தின் பண்பாக மட்டும் கருதுவதும் தவறாகும். அது பந்துக்கும் பரப்புக்கும் பொதுவானது. சிமெந்துத் தரையில் நன்றாகத் துள்ளும் அதே பந்து மணலில் விழுந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆதலால் எந்தப் பரப்பில் அளக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் தரப்படும் குணக மதிப்புக்குப் பொருள் இல்லை.

வரலாறு

விழும் பொருள் கடக்கும் தொலைவு நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது என்பதைக் கலீலியோ கலிலி 1638 இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். மோதல் பற்றிய விதிகளை ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஆகியோர் 1668-69 காலப்பகுதியில் இலண்டன் அரச கழகத்துக்கு அளித்தனர்.

ஐசாக் நியூட்டன் 1687 இல் வெளியிட்ட பிரின்சிப்பியா நூலில், நூலில் கட்டித் தொங்கவிடப்பட்ட உருண்டைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுச் செய்த சோதனைகளை விவரித்துள்ளார். இறுக்கிச் சுற்றப்பட்ட கம்பளி உருண்டைகள் விலகிய வேகத்துக்கும் நெருங்கிய வேகத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 5க்கு 9 என்று அவர் கண்டார். கண்ணாடி உருண்டைகளுக்கு இது 15க்கு 16 ஆக இருந்தது. உருக்கு உருண்டைகள் ஏறத்தாழ வந்த வேகத்திலேயே திரும்பின. தக்கை உருண்டைகள் அதைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் திரும்பின. இன்றைய முறையில் எழுதினால் கம்பளியின் குணகம் 0.56, கண்ணாடியின் குணகம் 0.94 ஆகும். உயரக் கணக்கில் பார்த்தால் முன்னது 31 விழுக்காடும் பின்னது 88 விழுக்காடும் ஆகும். இவ்விகிதம் பொருளைச் சார்ந்ததே அன்றி வேகத்தைச் சார்ந்ததன்று என்பது நியூட்டனின் முடிவு. பள்ளிப் பாடநூல்களில் இன்றும் இதுவே "நியூட்டனின் மோதல் விதி" என்று கற்பிக்கப்படுகிறது.

உயரத்தில் இருந்து பந்தை விடும் சோதனை பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய விவாதம் ஒன்றின் நடுவே இடம்பிடித்தது. இயங்கும் பொருளின் "விசை" வேகத்துக்கு நேர்விகிதமானதா, வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானதா என்பதே அவ்விவாதம். ஒல்லாந்தைச் சேர்ந்த விலெம் கிராவசாண்டே, 1722 அளவில் ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட பித்தளைப் பந்துகளை மென்மையான களிமண்ணில் விழச்செய்து, உண்டாகும் பள்ளங்களை ஒப்பிட்டார். எடைக்கு எதிர்விகிதத்தில் உயரத்தை அமைத்தபோது பள்ளங்கள் சமமாக இருந்தன. அதாவது பள்ளத்தின் அளவைத் தீர்மானித்தது வேகத்தின் வர்க்கமே. பிரான்சைச் சேர்ந்த எமிலி டு சாட்லே 1740 இல் வெளியிட்ட தமது இயற்பியல் நூலில் வர்க்கத்தின் பக்கமே நின்று வாதிட்டார். இன்று இயக்க ஆற்றல் எனப்படும் கருத்துக்கு இச்சோதனைகள் வழிவகுத்தன. உந்தம், ஆற்றல் ஆகிய இரண்டுமே தேவை என்பதும், இருசாராரும் வெவ்வேறு கணியங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர் என்பதும் பின்னரே தெளிவாயிற்று.

நியூட்டன் கூறியவாறு குணகம் வேகத்தைச் சாராதது என்பது முழு உண்மை அன்று என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெரியவந்தது. ஜெர்மானியரான ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882 இல் வெளியிட்ட தொடுகைக் கோட்பாடு, இரு உருண்டைகள் ஒன்றையொன்று அழுத்தும்போது தொடும் பரப்பும் விசையும் எவ்வாறு கூடுகின்றன என்பதைக் கணிக்க உதவியது. இக்கோட்பாட்டின்படி, மோதல் நீடிக்கும் நேரம் வேகம் கூடும்போது குறைகிறது. ஆனால் மிக மெதுவாகவே குறைகிறது. விழும் உயரத்தைப் பத்து மடங்காக்கினாலும் தொடுகை நேரம் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறையும்.

இத்துறையில் சர் சி. வி. இராமனின் பங்கு பலரால் அறியப்படாதது. திருச்சிராப்பள்ளியில் 1888 இல் பிறந்த இராமன், ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 இல் நோபல் பரிசு பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, கல்கத்தாவில் மோதல் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். மிகக் குறைந்த வேகங்களில் நிகழும் மோதல்களை ஒளிப்பட முறையில் பதிவுசெய்து அவர் எழுதிய கட்டுரை 1918 இல் பிசிக்கல் ரிவியூ இதழில் வெளிவந்தது. வேகம் குறையக் குறைய மீளமைவுக் குணகம் 1 ஐ நெருங்குகிறது என்பது அதன் முடிவாகும். ஹெர்ட்சின் கோட்பாட்டின் பயன்பாடுகள் குறித்து 1920 இல் அதே இதழில் மற்றொரு கட்டுரையையும் அவர் எழுதினார். பந்தைக் குறைந்த உயரத்தில் இருந்து விட்டால் அது விழுந்த உயரத்தில் கூடிய பங்கை மீட்கும் என்பதே இராமனின் முடிவு சாதாரணப் பந்துக்குச் சொல்லும் செய்தி எனலாம்.

உயரம் கூடும்போது நிகழ்வது

மேலே தரப்பட்ட நேர்கோட்டு வரைபடம் உயரம் கூடும்போது கீழ்நோக்கி வளைகிறது. இவ்வளைவின் இரு காரணங்களையும் பிரித்து அறிவது தேவை.

முதலாவது காற்றின் தடை. விழும் பந்தின் மீது காற்று செலுத்தும் எதிர்விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஒரு கட்டத்தில் இவ்விசை பந்தின் எடைக்குச் சமமாகிவிடும். அதன் பின்னர் பந்தின் வேகம் கூடுவதில்லை. இது முற்றுத் திசைவேகம் எனப்படும். மேசைப்பந்தை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 40 மி.மீ., திணிவு 2.7 கிராம். கணக்கிட்டால் அதன் முற்றுத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 8.4 மீட்டர் என்று வரும். காற்று இல்லாவிடில் வெறும் 3.6 மீட்டர் உயரத்தில் இருந்து விழும்போதே கிடைத்துவிடும் வேகம் இது. காற்றில் 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் மேசைப்பந்து நொடிக்கு 14 மீட்டர் வேகத்தை அடைவதற்குப் பதிலாக 8.1 மீட்டர் வேகத்தையே அடையும். பத்து மாடிக் கட்டடத்தில் இருந்து போட்டாலும் இருபது மாடிக் கட்டடத்தில் இருந்து போட்டாலும் மேசைப்பந்தின் துள்ளலில் வேறுபாடு காண இயலாது என்பது இதனால் பெறப்படும். ஒரு மீட்டர் உயரத்திலேயே இப்பந்து தன் வேகத்தில் சுமார் 6 விழுக்காட்டைக் காற்றுக்கு இழந்துவிடுகிறது. கோலிக்குண்டு, உருக்குக் குண்டு போன்ற செறிவான பொருட்களில் இவ்விளைவு அதே உயரத்தில் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது.

இரண்டாவது காரணம் பந்தின் உள்ளே உள்ளது. மோதும்போது பந்து நசுங்குகிறது. வேகம் கூடினால் நசுங்கலும் கூடும். ரப்பர் போன்ற பொருட்கள் நசுங்கும்போது உட்கொள்ளும் ஆற்றலை விரியும்போது முழுமையாகத் திருப்பித் தருவதில்லை. நசுக்கும்போதும் விரியும்போதும் விசையை வரைபடமாக்கினால் இரண்டு வெவ்வேறு வளைகோடுகள் கிடைக்கும். அவற்றுக்கிடையே உள்ள பரப்பளவே இழக்கப்பட்ட ஆற்றல். இது தயக்கம் எனப்படும். இழந்த ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகிறது. ஒரு சிறு பகுதி தரையின் அதிர்வாகவும் இன்னும் சிறிய பகுதி ஒலியாகவும் வெளியேறுகிறது. "டக்" என்ற ஓசை பெரிதாகக் கேட்டாலும் அதில் உள்ள ஆற்றல் மிகச் சொற்பமே.

உலோகக் குண்டுகளில் நிகழ்வது சற்று வேறானது. வேகம் ஓர் எல்லையைக் கடந்தால் உலோகம் நிலையாக உருக்குலைந்து, மோதிய இடத்தில் சிறு பள்ளம் விழுகிறது. அப்பள்ளத்தை உண்டாக்கிய ஆற்றல் திரும்ப வராது. இவ்வாறு முழுமையாக உருக்குலையும் மோதல்களில் குணகம் வேகத்தின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்று கோட்பாடு கூறுகிறது. உயரமாக மாற்றிச் சொன்னால், விழும் உயரத்தை இருமடங்காக்கும்போது துள்ளும் உயரம் 2 மடங்காகாமல் 1.68 மடங்கு மட்டுமே ஆகும்.

தொடர் துள்ளல்கள்

ஒருமுறை விடப்பட்ட பந்து பல முறை துள்ளி அடங்குகிறது. ஒவ்வொரு துள்ளலும் அடுத்த துள்ளலுக்கான விழும் உயரம் ஆகும். குணகம் 0.8 ஆக மாறாதிருப்பின், 100 செ.மீ. இல் இருந்து விட்ட பந்து 64, 41, 26, 17, 11 செ.மீ. என்றவாறு எழும்பும். இது பெருக்குத் தொடர் ஆகும். கோட்பாட்டளவில் துள்ளல்களின் எண்ணிக்கைக்கு முடிவில்லை. ஆனால் அவையனைத்தும் முடிவுள்ள நேரத்தில் நடந்து முடிந்துவிடும். மேற்கூறிய பந்து மொத்தம் 4.56 மீட்டர் தொலைவு மேலும் கீழும் பயணம் செய்து, விடப்பட்டதில் இருந்து 4.07 நொடியில் அடங்கும். முடிவிலாத எண்ணிக்கையைக் கூட்டினால் முடிவுள்ள தொகை வரக்கூடும் என்பதைக் காதால் கேட்டு உணர விரும்புவோர் ஒரு கோலிக்குண்டைத் தளக்கல் மீது போட்டுப் பார்க்கலாம். கடைசியில் தட்டல்கள் நெருங்கி நெருங்கி ஒரே இரைச்சலாகி நின்றுவிடும்.

இங்கு இராமன் கண்ட விளைவும் தலைகாட்டுகிறது. உயரம் குறையக் குறைய குணகம் சிறிது கூடுவதால், உண்மையான பந்தின் பிந்திய துள்ளல்கள் பெருக்குத் தொடர் தரும் மதிப்பைவிடச் சற்று உயரமாக அமைவதுண்டு.

துள்ளல்களுக்கு இடையிலான நேரத்தைக் கொண்டு உயரத்தை அளக்கலாம். ஒரு துள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் இடையில் பந்து எழும்பிய உயரம் கிடைக்கும். இடைவெளி 0.8 நொடி எனில் உயரம் 78 செ.மீ. ஆகும். அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளின் விகிதமே குணகம். செல்பேசியில் ஒலியைப் பதிவுசெய்து கணினியில் பார்த்தால் இடைவெளிகளை ஆயிரத்தில் சில பங்கு நொடி அளவுக்குத் துல்லியமாகப் படிக்க முடிகிறது. அளவுகோலைச் சுவரில் சாத்திக் கண்ணால் பார்ப்பதைவிட இது பன்மடங்கு நம்பகமானது.

விளையாட்டு விதிகளில்

பன்னாட்டு டென்னிஸ் விதிகளின்படி, பந்தை 254 செ.மீ. (100 அங்குலம்) உயரத்தில் இருந்து கடினமான தட்டைப் பரப்பில் விட வேண்டும். அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். குணகமாகக் கூறின் இது 0.73 முதல் 0.76 வரை ஆகும். கடல் மட்டத்தில் இருந்து 1219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் ஆடுவதற்கு, 122 முதல் 135 செ.மீ. வரை மட்டுமே எழும்பும் தனிவகைப் பந்து அனுமதிக்கப்பட்டுள்ளது.

மேசைப்பந்தாட்டத்தில் விதி பந்துக்கு அன்றி மேசைக்கே விதிக்கப்பட்டுள்ளது. 30 செ.மீ. உயரத்தில் இருந்து விடப்படும் பந்து மேசையின் எல்லா இடங்களிலும் ஒரே சீராகச் சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும். காற்பந்துக்குப் பிஃபாவின் உயர்தரச் சான்று பெற, 2 மீட்டரில் இருந்து உருக்குத் தகட்டின் மீது விழும் பந்து 135 முதல் 155 செ.மீ. வரை எழும்ப வேண்டும். துடுப்பாட்ட விதிகள் பந்தின் எடையையும் சுற்றளவையும் வரையறுத்தாலும் துள்ளலைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. அங்கே ஆடுகளமே சோதிக்கப்படுகிறது. சுமார் 4.9 மீட்டர் (16 அடி) உயரத்தில் இருந்து பந்தை ஆடுகளத்தில் விட்டு, எழும்பும் உயரத்தைக் கொண்டு களத்தின் வேகத்தை மதிப்பிடும் முறை இங்கிலாந்தில் வழங்கியது. விரைவான ஆடுகளத்தில்கூடப் பந்து ஒரு மீட்டரை எட்டுவதில்லை.

கூடைப்பந்துக்கான பழைய பன்னாட்டு விதி கவனமாகப் படிக்க வேண்டியது. பந்தின் அடிப்பகுதி 1.80 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு பிடித்து விட வேண்டும். எழும்பும்போது பந்தின் மேற்பகுதி 1.20 முதல் 1.40 மீட்டர் வரையான உயரத்தை அடைய வேண்டும். இவ்விரு எண்களையும் அப்படியே வகுத்து வர்க்கமூலம் கண்டால் குணகம் 0.82 முதல் 0.88 வரை என்று வரும். அது தவறு. பந்தின் விட்டமான ஏறத்தாழ 24 செ.மீ. ஐக் கழித்த பின்னரே ஒப்பிட வேண்டும். அப்போது கிடைப்பது 0.73 முதல் 0.80 வரை. பள்ளிச் சோதனைகளிலும் விழும் உயரத்தைப் பந்தின் அடியில் இருந்தும் எழும் உயரத்தைப் பந்தின் உச்சியில் இருந்தும் அளந்துவிட்டு, விடை ஏன் பொருந்தவில்லை என்று தேடுவது வழக்கமாகக் காணப்படும் ஒன்று.

உயரத்தில் இருந்து விடும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. டென்னிஸ் வீரர் ஒருவர் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அடிக்கும் பந்தின் வேகத்தை விழுதல் மூலம் பெற வேண்டுமானால், காற்றே இல்லை என்று கொண்டாலும் 127 மீட்டர் உயரம் தேவைப்படும். குணகம் வேகத்தோடு மாறுவதால், 254 செ.மீ. சோதனையில் ஒரே அளவு துள்ளும் இரண்டு பந்துகள் ஆட்டத்தில் வெவ்வேறாக நடந்துகொள்ளக்கூடும். இதனாலேயே அமெரிக்க அடிபந்தாட்டத்தின் பந்துகள் உயரத்தில் இருந்து விடப்படுவதில்லை. நொடிக்கு 26 மீட்டர் (85 அடி) வேகத்தில் அவை மரப்பலகை மீது எறியப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. அவற்றின் குணகம் 0.514 முதல் 0.578 வரை இருக்க வேண்டும்.

ஜப்பான் பந்து விவகாரம்

மீளமைவுக் குணகத்தின் சிறு மாற்றம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஜப்பானின் தொழில்முறை அடிபந்தாட்டம் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு 2011 இல் எல்லா அணிகளுக்கும் ஒரே நிறுவனம் தயாரித்த, துள்ளல் குறைந்த பந்து அறிமுகம் செய்யப்பட்டது. 2010 இல் 1605 ஆக இருந்த முழு ஓட்டங்களின் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்துப் பெறுபவை) எண்ணிக்கை 2011 இல் 939 ஆகவும் 2012 இல் 881 ஆகவும் சரிந்தது. 2013 இல் அது திடீரென்று மீண்டும் உயர்ந்தது. பந்து மாற்றப்படவில்லை என்று முதலில் கூறிவந்த ஆட்ட நிர்வாகம், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பந்தின் துள்ளல் யாருக்கும் அறிவிக்காமல் கூட்டப்பட்டதை ஒப்புக்கொண்டது. தமக்கு அது தெரியாது என்று கூறிய ஆணையர் ரியோசோ கட்டோ அதே ஆண்டில் பதவி விலகல் அறிவித்தார். சடஹாரு ஓ 1964 இல் ஏற்படுத்திய 55 முழு ஓட்டங்கள் என்ற ஓராண்டுச் சாதனை அந்தப் பருவத்திலேயே விளாடிமிர் பாலென்டியன் அடித்த 60 ஆல் முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டில் மொத்தம் 1311 முழு ஓட்டங்கள் அடிக்கப்பட்டன.

இவ்விவகாரத்தில் பேசப்பட்ட குணக வேறுபாடுகள் நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவிலானவையே. பந்து எல்லைக் கம்பிக்கு உள்ளே விழுவதும் வெளியே விழுவதும் சில மீட்டர்களில் தீர்மானிக்கப்படும் ஆட்டத்தில் அது போதுமானதாக இருந்தது. ஆனால் முழு ஓட்டங்கள் கூடும்போதெல்லாம் துள்ளலையே காரணமாகக் கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ஏற்பட்ட இதுபோன்ற உயர்வை ஆராய்ந்த அறிவியலாளர் குழு, அதற்குக் காரணம் பந்தின் மீதான காற்றுத் தடை குறைந்ததே அன்றித் துள்ளல் கூடியதன்று என்று 2018 இல் அறிக்கை அளித்தது.

வெப்பநிலையும் ஈரமும்

ரப்பர்ப் பந்து குளிரில் குறைவாகவும் சூட்டில் கூடுதலாகவும் துள்ளும். சுவர்ப்பந்தாட்டத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதன் பந்து 23 பாகை செல்சியசில் விழுந்த உயரத்தில் 12 விழுக்காடு அளவே எழும்பக்கூடும். 45 பாகையில் ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் எழும்பும். ஆட்டக்காரர்கள் ஆட்டம் தொடங்கும் முன்னர் பந்தைச் சுவரில் அடித்துச் சூடாக்குவது இதற்காகவே. பந்தைச் சூடாக்குவது முன்பு கூறப்பட்ட தயக்க இழப்பே ஆகும். ஆகவே இழந்த ஆற்றலே பிந்திய துள்ளலை மேம்படுத்துகிறது.

நூல் சுற்றித் தோல் தைத்த பந்துகளில் ஈரப்பதம் கூடினால் துள்ளல் குறையும். அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1600 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றுள்ள இடத்தில் அமைந்துள்ளது. அங்குள்ள கூர்ஸ் அரங்கில் அடிபந்துகள் அளவுக்கு மீறித் தொலைவு சென்றதால், 2002 முதல் அவை ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைக்கப்பட்டன. 2022 இல் இம்முறை அந்நாட்டின் முதன்மைக் கூட்டிணைவின் 30 அரங்குகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

ஏனைய பயன்பாடுகள்

துள்ளல் உயரத்தைக் கொண்டு பொருளின் கடினத்தன்மையை அளக்கும் கருவியை அமெரிக்கரான ஆல்பர்ட் ஷோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். கண்ணாடிக் குழாயினுள் வைர முனை கொண்ட சிறு சுத்தியல் ஒரு நிலையான உயரத்தில் இருந்து உலோகத்தின் மீது விழும். கடினமான உலோகத்தில் பள்ளம் சிறிதாக விழுவதால் சுத்தியல் உயரமாக எழும்பும். கட்டடப் பொறியாளர்கள் காங்கிரீட்டின் வலிமையை அதை உடைக்காமல் மதிப்பிடப் பயன்படுத்தும் சிமித் சுத்தியலும் இதே அடிப்படையில் இயங்குவதே. அதில் ஈர்ப்புக்குப் பதிலாகச் சுருள்வில் பயன்படுகிறது.

விளையாட்டுப் பொருட்களில் குறிப்பிடத்தக்கது, கலிபோர்னியாவைச் சேர்ந்த வேதியியலாளர் நார்மன் ஸ்டிங்லி கண்டறிந்து 1965 இல் விற்பனைக்கு வந்த சூப்பர் பால் ஆகும். பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன இதன் குணகம் 0.9 அளவில் இருக்கும்.

புவிக்கு வெளியே

துள்ளும் உயரத்துக்கான சமன்பாட்டில் ஈர்ப்பு முடுக்கம் இடம்பெறவில்லை. ஆகவே நிலவில் ஒரு மீட்டரில் இருந்து விட்ட பந்தும் அதே பங்கு உயரத்துக்கே எழும்பும். உண்மையில் சற்றுக் கூடுதலாகவே எழும்பும். ஏனெனில் அங்கே காற்று இல்லை. மேலும், மோதும் வேகம் நொடிக்கு 1.8 மீட்டர் மட்டுமே ஆதலால் குணகமும் சிறிது கூடும். விழுவதற்கு 1.1 நொடி ஆகும்.

மாறாக, ஒரே வேகத்தில் மோதும் பொருள் எவ்வளவு உயரம் எழும்பும் என்பது ஈர்ப்பை முற்றிலும் சார்ந்தது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் காற்றுப்பைகள் சூழ இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் முதல் துள்ளலில் சுமார் 15 மீட்டர் உயரம் எழும்பி, குறைந்தது 15 தடவை துள்ளிய பின்னரே நின்றது. அது எதிர்பார்க்கப்பட்ட துள்ளல். 2014 நவம்பர் 12 அன்று 67பி சுரியுமோவ்-கெராசிமெங்கோ வால்வெள்ளியில் இறங்கிய ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஃபிலே இறங்குகலத்தின் துள்ளல் எதிர்பாராதது. கலத்தைத் தரையோடு பிணைக்க வேண்டிய ஈட்டிகள் இயங்கவில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது புவியில் 5 செ.மீ. உயரத்தில் இருந்து விழும் பொருளின் வேகத்தில், அது தரையைத் தொட்டது. நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் திரும்ப எழும்பியது. புவியில் அவ்வேகம் 7 மி.மீ. உயரம் எழும்பவே போதும். வால்வெள்ளியின் ஈர்ப்பு மிகவும் சொற்பமானது என்பதால் கலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் சென்று, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்துத் திரும்பி வந்தது. இரண்டாவது துள்ளல் சில நிமிடங்களே நீடித்தது. இறுதியில் அது நின்ற இடம் பாறை நிழலில் அமைந்துவிட்டதால் சூரியமின் தகடுகளுக்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை. சேமக்கலத்தில் இருந்த மின்சாரத்தைக் கொண்டு சுமார் 60 மணி நேரம் ஆய்வுகளைச் செய்து தரவுகளை அனுப்பிய பின்னர் ஃபிலே செயலிழந்த நிலைக்குச் சென்றது.